நடு அழுகல்

பதினொன்றே முக்காலுக்குக் கொண்டுவந்து வைத்த தட்டு மேசைமேல் மூடியபடியே இருந்தது. மேலே கவிழ்த்த இன்னொரு தட்டின் விளிம்பில் ஆவி கோத்து, துளியாகி, வழிந்து, வருகைப் பதிவேட்டின் அட்டையை நனைத்தது. சபாநாயகம் பதிவேட்டை நகர்த்தினார். தட்டை நகர்த்தவில்லை. நகர்த்த வேண்டுமானால் தொட வேண்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. அதற்குமுன், தலைமையாசிரியர் என்ற முறையில், அவர் இந்தச் சோற்றையும் சாம்பாரையும் ஒரு வாய் தின்று பார்த்து, அதற்கென்று இருக்கிற நோட்டில் 'ருசி பார்த்தேன், நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் எழுபத்தொன்பது பிள்ளைகளுக்கும் பந்தி. எழுதுவது ஒன்றும் புதிதில்லை, பேனா தானாகவே எழுதிவிடும். ஆனால் இன்று மூடின தட்டுக்குள்ளிருந்தே அது வந்துகொண்டிருந்தது. அழுகின வெங்காயம். சந்தேகமே இல்லை. செத்த எலியின் நாற்றம் வேறு, சாக்கடை வேறு, ஊசிப்போன பருப்பு வேறு. அதெல்லாம் மூக்கோடு நின்றுவிடும். அழுகின சின்ன வெங்காயம் மூக்கில் நிற்காது. தொண்டைக்குழியில் இறங்கி அங்கே கொழகொழவென்று உட்கார்ந்துகொள்ளும். எச்சிலை விழுங்கினால் எச்சிலே அதுவாகிவிட்டது போலிருக்கும். அவர் எச்சிலை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மூன்று நாளாக விடாத ஐப்பசித் தூறல். மூன்றாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தது. ஏழேழு நாற்பத்தொன்பதில் மட்டும் ஒரு தடுமாற்றம், பிறகு மறுபடி ஓட்டம். ஈரச் சீருடை வாடை, சாக்பீஸ் வாடை, நனைந்த செருப்புகளின் வாடை, எல்லாவற்றுக்கும் மேலே அது.

அந்த வெங்காய மூட்டையை வாங்கியது அவரேதான். அதை நினைத்தால் குமட்டல் இன்னும் ஒரு சுற்று கூடியது. சத்துணவு அமைப்பாளர் பிரசவ விடுப்பில் போனதிலிருந்து காய் வாங்குகிற வேலை அவர் தலையில் விழுந்திருந்தது, அவரும் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டார், ஏனென்றால் வெங்காயத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு நினைப்பு. கை நிறைய அள்ளிக் குலுக்கினால் சருகு மாதிரிச் சலசலக்க வேண்டும். சத்தம் அமுங்கி வந்தால் ஈரம். கட்டைவிரலால் கழுத்தை அமுக்கினால் கல்லாக நிற்க வேண்டும். கொஞ்சம் உள்வாங்கினாலும் வேண்டாம். அடிவேர் காய்ந்து உதிர வேண்டும். வெள்ளையாகப் புதுவேர் நீட்டியிருந்தால் அது தண்ணீர் குடித்த காய். மேல்தோலை உரித்தால் விரலில் கரி ஒட்டக் கூடாது. பெரிய வெங்காயத்துக்கும் இதேதான், உச்சியில் பச்சை முளை எட்டிப் பார்க்கிறதா என்று மட்டும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மண்டியில் இத்தனையும் பார்த்தார். நாலு மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, நாலிலும் அடிவரை கையை விட்டுப் பார்த்தார். "சார் வெங்காயம் வாங்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரான்னே தெரியலயேப்பா" என்று மண்டிக்காரர் கேட்டதற்கு எல்லோரும் சிரிக்க, அவரும் சிரித்தார், பெருமையாகத்தான் இருந்தது. இன்று காலை ஒன்பதரைக்குச் சமையல்கூடத்து வாசலில் நின்றபோது பவளக்கொடி அரிவாள்மனையில் ஒரு வெங்காயத்தை நெடுக்காகப் பிளந்தாள். வெளி இதழ் வெள்ளை. குருத்து வெள்ளை. நடுவில் ஒரே ஒரு இதழ் மட்டும் பழுப்பு நிறத்தில், கண்ணில் பீளை கட்டின மாதிரி. அவள் அதை நகத்தால் நெம்பினாள். அது முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, சளி வருவதுபோல. விரலைச் சாக்கில் துடைத்துவிட்டு மிச்சத்தைப் பேசினில் போட்டாள். "நடு அழுகல் சார். மேல பாத்தாத் தெரியாது. வெங்காயத் தாளு காயறதுக்குள்ள மழை பேஞ்சா தண்ணி கழுத்து வழியா எறங்கி நடுவுல நின்னுரும். அறுத்தாத்தான் தெரியும்" என்றாள் நிமிராமல். அவர் 'ம்' என்றார். 'ம்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்த 'ம்' என்ன 'ம்'. இரண்டரை மணி நேரமாக அதையே புரட்டிக்கொண்டிருந்தார். 'ஆமாம், எனக்கும் தெரியும்' என்கிற 'ம்'மா, 'கொட்டுங்கள்' என்கிற 'ம்'மா, 'போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்கிற 'ம்'மா. வேறு யாராவது அறுத்திருந்தால், 'எல்லாத்தையும் குழியில கொட்டிட்டு வேற காய் போடு' என்று சட்டென்று வாயில் வந்திருக்கும். பவளக்கொடியிடம் வரவில்லை. கொட்டு என்ற சொல்லை அவளிடம் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது, அது போதும். போன வருஷம் ஆடியில், அவள் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகவில்லை, இதே மாதிரித் தட்டு வந்தது, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், கெட்டுப்போயிருக்கிறது என்றார், கொட்டச் சொன்னார். இரண்டு பேர் தூக்குகிற அண்டா. குழியில் சாம்பார் இறங்கியபோது ஆவி பறந்தது. பிள்ளைகள் வெறும் சோற்றில் உப்புத் தண்ணீர் விட்டு, அவித்த முட்டையைத் தொட்டுத் தின்றார்கள். அவளுக்கு ஒரு மெமோ போயிற்று. இன்னொன்று போனால் வேலை இருக்காது. அவள் ஒரு டம்ளர் சாம்பாரை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். ஆசிரியர்கள் எல்லோரும் நிற்க, அதை மோர் குடிக்கிற மாதிரி அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்து கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் ஆவலைங்க சார்" என்றாள். கோபமில்லை, ஏதோ ஊர்ச் செய்தி சொல்கிற மாதிரி. அதற்கு அவர் என்ன சொன்னார்? "உங்க வயிறு தாங்கும்." சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. 'உங்க' என்றது மரியாதைக்கு. அவளுக்கு முன்னால் சமைத்த ராஜாமணி அவருக்கு அடுத்த தெரு, தூரத்து உறவும்கூட, அவளை ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை, 'ஏ ராசாமணி, உப்பு ஏறிப்போச்சுடி' என்பார். பவளக்கொடி காலனியிலிருந்து வருகிறவள் என்பதனால்தான், யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்றுதான், முதல்நாளிலிருந்தே வாங்க, போங்க. அந்த 'உங்க'தான் இது. ஆனால் அதே 'உங்க' ஒருத்தியைச் சொல்லாமல் ஒரு கூட்டத்தையும் சொல்லுமே. அவள் எதை எடுத்துக்கொண்டாள்? அதை விடு, நீ எதைச் சொன்னாய்? பதினாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தமிழ் வாத்தியாராக இருபது வருஷம் பன்மையும் மரியாதைப் பன்மையும் நடத்தியவருக்கு இது பிரிக்க வரவில்லை.

அந்த ஆடிக்குப் பிறகு அவர் எந்தச் சாம்பாரையும் கெட்டது என்று சொன்னதில்லை. தின்றதுமில்லை. தட்டு வரும், கதவைச் சாத்துவார், பின்கதவைத் திறந்து வாழைமரத்தடியில் கவிழ்ப்பார், இரண்டு விரலால் மண்ணைத் தள்ளி மூடுவார், சொம்புத் தண்ணீரில் கை கழுவுவார், வந்து எழுதுவார். ருசி பார்த்தேன், நன்று. ராஜாமணி காலத்தில் இரண்டாம் கரண்டி கேட்டு வாங்கித் தின்றவர். வயதாகிவிட்டது, அல்சர், பருப்பு சேரவில்லை, வெங்காயத்தில் மருந்து அதிகம் அடிக்கிறார்கள், இப்படி ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். வீட்டில் மனைவி விசாலம் வைக்கிற சாம்பார் எப்படிச் சேருகிறது என்று அந்தக் காரணங்கள் எதுவும் அவரைக் கேட்டதில்லை. இன்று மட்டும் வாழைமரத்துக்குப் போக முடியவில்லை. இன்று நிஜமாகவே நாறுகிறது. நிஜமாகவா? இருக்கட்டும், நாறுகிறது என்று வைத்துக்கொள்வோம், போய்ச் சொன்னால் அவள் வேலை போகும், சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் எழுபத்தொன்பது வயிறு. முதல் வகுப்புப் பிள்ளைகளின் வயிறு கைப்பிடி அளவு. இதில் அரைத்தட்டு நடு அழுகல் இறங்கினால் மூன்று மணிக்கு வாந்தி, நாலு மணிக்கு ஆம்புலன்ஸ், யார் ருசி பார்த்தது என்று நோட்டை எடுப்பார்கள். அவர் கையெழுத்து. பயம் வந்ததும் குமட்டல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அதையும் கவனித்தார். பிள்ளைகளுக்காக வந்த பயமா, கையெழுத்துக்காக வந்த பயமா என்று பார்த்தார். பார்த்த அளவில் அதுவும் நாறியது.

இந்த மூக்கு எங்கே படித்தது? எட்டு வயதிருக்கும். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் வெங்காயம். மூங்கில் பரப்பி, கீழே காற்றோடுகிற மாதிரி உயர்த்திக் கட்டிய பட்டறையில் கொட்டி வைப்பார்கள், விலை வரட்டும் என்று. அந்த வருஷமும் அடைமழை. பட்டறையின் மூங்கில் சந்துகளில் பழுப்புத் தண்ணீர் கசிந்து சொட்டியது, கீழே புழு நெளிந்தது. காலனியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கூப்பிட்டு அழுகலைப் பொறுக்கச் சொன்னார் அப்பா. பொறுக்கினதைத்தான் அவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போகலாம், பாதி நல்லதாக இருக்கிற காய்களை அறுத்துக் குழம்பு வைத்துக்கொள்வார்கள், அதுவும் கூலியில் சேர்த்தி. அவன் வேடிக்கை பார்க்கப் போய் வழுக்கி விழுந்தான். கை முழங்கை வரை குவியலுக்குள் போயிற்று. உள்ளே சூடாக இருந்தது. அதுதான் இன்றுவரை மறக்கவில்லை. வெளியே அத்தனை குளிர், அழுகலுக்குள் காய்ச்சல்காரன் அக்குள் மாதிரிச் சூடு. கையைப் பிடுங்கினால் கொழகொழவென்று நூல் நூலாக வந்தது, முகத்திலும் அடித்திருந்தது, வாய்க்குள்ளும். அலறினான். பெண்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே தூக்கி நிறுத்தி, "அழாத சாமி, வெங்காயம் கடிச்சா ஆரும் சாவுறதில்ல" என்று முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். அந்த முந்தானையும் அதே நாற்றம். வீட்டுக்குப் போனதும் அம்மா கிணற்றடியில் நிறுத்திச் சீயக்காய் போட்டு மூன்று தடவை தேய்த்துக் குளிப்பாட்டினாள். சட்டையைத் துவைக்கவில்லை, குச்சியால் தூக்கிக்கொண்டு போய் எரித்தாள். "ஆரு துடைச்சா? எதால துடைச்சா? ஒதட்டுல பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான். வெங்காயம் எங்கே பட்டது என்று அவள் கேட்கவே இல்லை. இது அவருக்கு நாற்பத்தைந்து வருஷம் கழித்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கையில்தான் உறைத்தது. அன்றைக்கு மூன்று தடவை கழுவியது எதை? அப்புறம் எத்தனை வருஷம், காலனிப் பக்கமிருந்து யார் வந்து வாசலில் நின்றாலும் அம்மா உள்ளேயிருந்தபடியே, "வெங்காயப் பட்டறை வாடை வருது, ஆருன்னு பாரு" என்பாள். அவனுக்கும் வரும். கோடையிலும் வரும். வெங்காயமே இல்லாத மாசத்திலும் வரும்.

கதவு தட்டப்பட்டது. ரோசலின் டீச்சர் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். "என்ன சார், தட்டை வச்சுக்கிட்டுத் தியானமா? மணி பன்னெண்டு இருபது. ஒண்ணாங் கிளாஸ் வாண்டுங்க எல்லாம் தட்டைத் தலையில கவுத்துக்கிட்டு உக்காந்திருக்குதுங்க." அவர் வாயிலிருந்த எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "டீச்சர், உங்களுக்கு ஏதாச்சும் வாடை வருதா?" அவள் மூக்கைச் சுருக்கி இழுத்தாள். "வருதே. பசி வாடை. சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க சார்." போய்விட்டாள். அவளுக்குச் சளி, காலையிலிருந்து தும்மிக்கொண்டிருந்தாள், அவள் மூக்கை எப்படி நம்புவது என்று அவருக்குத் தோன்றியது, தோன்றிய வேகம் பிடிக்கவில்லை. மேல்தட்டை நீக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. சோறு, அதன்மேல் மஞ்சளாகச் சாம்பார், அதில் கண்ணாடி மாதிரி வெந்து சுருண்ட ஒரு துண்டு. இதழ். நடு இதழாகத்தான் இருக்க வேண்டும், வெளி இதழ் இத்தனை குழையாது. பின்கதவைப் பார்த்தார். வாழை இலையில் மழைத் தண்ணீர் ஓடியது. இல்லை, இந்தத் தடவை இது நிஜம், இந்தத் தடவை எனக்கு உரிமை இருக்கிறது, அழுகினதை அழுகினது என்று சொல்ல எந்த ஜாதியும் குறுக்கே வராது, என் கண்ணால் பார்த்தேன், ஒரு வாத்தியாராக, வெங்காயக்காரன் மகனாக, பிள்ளைகளுக்காக. வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கூடத்துக்கு நடந்தார். தூறல் சோற்றில் விழுந்தது.

பவளக்கொடி அண்டாவின் வாயில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. தட்டோடு அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"இதுல அழுகின வெங்காயம் விழுந்திருக்குங்க" என்றார்.

"எதுல சார்?"

"சாம்பார்லதான். நாறுது."

"வெங்காயமா நாறுது?"

"வெங்காயம்தான். எனக்குத் தெரியாதா வெங்காயம்? வெங்காயத்துலயே பொறந்து வளந்தவன் நான்."

அவள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "வெங்காயமே போடலைங்களே சார்."

மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டை நிறுத்தியிருந்தது. ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"காலையில நீங்க பாத்துட்டுப் போனப்பறம் இன்னும் ஒரு முப்பது நாப்பது அறுத்தேன். பாதிக்குப் பாதி நடு அழுகல். புள்ளைங்க வவுத்துக்கு எதுக்கு வம்புன்னு மூட்டையோட குழியில கொட்டிட்டேன். சொல்லலாம்னு வந்தேன், நீங்க போன்ல பேசிக்கிட்டிருந்தீங்க. வேலியில காய்ச்சது மூணு சொரக்கா கெடந்துச்சு, அதைத்தான் போட்டிருக்கேன். வேணும்னா குழியில போயிப் பாருங்க சார், மழைக்குத் தோலு மெதந்துக்கிட்டுக் கெடக்கும்."

"அப்ப இது?" அவர் அந்தக் கண்ணாடித் துண்டை விரலால் தொட்டுக் காட்டினார். அதைத் தொட்டுவிட்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

"எளஞ்சொரக்கா சார். வெந்தா அப்புடித்தான் ஆவும்."

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். விதை இருந்த குழி தெரிந்தது. விதைகூட ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த வெங்காயத்தில் விதை இருக்கும்?

"நீங்க என்னைக்கு சார் தின்னு பாத்தீங்க?" பவளக்கொடி குரலை உயர்த்தவில்லை, கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது. "உங்க ரூமுக்குப் பின்னால நிக்கிற வாழை நம்ம சாம்பாரைக் குடிச்சுத்தான் ஆளு ஒசரத்துக்குத் தாரு தள்ளியிருக்கு. அதைக் கேட்டா உப்பு ஒறப்பு எல்லாம் சரியாச் சொல்லும்." பிறகு சிரிப்பு போய்விட்டது. இரண்டு கையையும் அண்டாவின் விளிம்பில் வைத்துக்கொண்டாள். தூக்குவதற்கா, பிடித்துக்கொள்வதற்கா என்று சொல்ல முடியாத மாதிரி. "இப்ப என்ன சார் செய்யட்டும்? கொட்டிரட்டுமா?"

"வேணாம்."

சொல்லிவிட்டு, அங்கேயே, நின்றபடி, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் அள்ளிப் போட்டார். புளி. பெருங்காயம். சுரைக்காயின் இளம் இனிப்பு. நாக்கு ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னது. நல்ல சாம்பார் என்றும் சொன்னது. தொண்டைக்குழியில் அது நாறியது. வெங்காயம் இல்லை என்று தெரிந்த பிறகும் நாறியது. தெரிந்துவிட்டால் போய்விடும் என்று ஒரு கணம் நம்பியிருந்தார், போகவில்லை. அதே கொழகொழப்பு, அதே சூடு. இனி இதற்குக் காரணம் சொல்ல மழை இல்லை, மண்டி இல்லை, மருந்து இல்லை. அழுகினது அவருக்குள்ளே எத்தனையாவது இதழோ. கண்ணில் நீர் கட்டியது. இரண்டாம் வாயை அள்ளினார்.

"மெதுவா சார். பொரை ஏறிரும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள்.

"மணி அடிக்கச் சொல்லுங்க" என்றார், வாய் நிறையச் சோற்றோடு.

மணி அடித்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு மழையில் ஓடிவரும் சத்தம் கேட்டது. வரிசை வாசலுக்கு வந்து, பவளக்கொடி அண்டாவைத் திறந்து, முதல் கரண்டி விழுந்தபோதும் அவர் அந்த வாயை விழுங்கிக்கொண்டிருந்தார்.